கோகோபீட் செடிகளில் கருப்புக் கொசுவும் வேரழுகலும்: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குலசேகரம் பக்கம் சின்னதாக ஒரு நாற்றங்கால் வைத்திருக்கிறேன். நல்லமிளகுக் கொடி, ஆந்தூரியம், மிளகாய், தக்காளி, கத்தரி நாற்றுகள். எல்லாமே தென்னை நார்த்தூளில்தான் வளர்கின்றன. கடையில் கோகோபீட் என்று கட்டியாக விற்பதும், நார் ஆலையில் மூட்டையில் கிடைப்பதும், எல்லைப் பக்கத்தில் சகிரிச்சோறு என்று சொல்வதும் இதே பொருள்தான். இடவப்பாதி மழை, அதாவது ஜூன் மாதத் தென்மேற்குப் பருவமழை, தொடங்கியதும் ஒரே மாதிரிக் கேள்விகள் வரும். ஐப்பசியில் திரும்பவும் அதே கேள்விகள். நாகர்கோவில் மொட்டைமாடித் தோட்டக்காரர்கள் முதல் பேச்சிப்பாறை, கீரிப்பாறைப் பக்கம் நிழல்வலை போட்டிருப்பவர்கள் வரை கேட்டதையும், நான் சொன்ன பதிலையும் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

தண்ணீர் ஊற்றும்போது பையிலிருந்து குபுக்கென்று பறக்கிறதே ஒரு கருப்புக் கொசு, அது என்ன? கடிக்குமா?

கடிக்காது. அதன் பெயர் பூஞ்சைக் கொசு. ஆங்கிலத்தில் ஃபங்கஸ் நாட் என்பார்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளம், மெலிந்த உடம்பு, நீண்ட கால், மணி கோத்தது போன்ற நீண்ட உணர்கொம்பு. இறக்கையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் 'ஒய்' எழுத்து மாதிரி கவைத்த நரம்பு தெரியும். உயரப் பறக்கத் தெரியாது. பையின் மேற்பரப்பில் ஓடிக்கொண்டே இருக்கும், கலைத்தால் ஒரு சாண் எழும்பித் திரும்ப உட்காரும்.

வாழைப்பழத்தில் மொய்க்கும் பழ ஈ வேறு, அது பழுப்பு நிறம், கண் சிவப்பு. பாசி படர்ந்த ஈரத் தரையில் இருக்கும் கரை ஈ இன்னொன்று. பார்க்க வீட்டு ஈயின் குட்டி போல இருக்கும், கொம்பு குட்டை, இறக்கையில் வெளிறிய புள்ளிகள் இருக்கும். கரை ஈ தெரிந்தால் பாசியைச் சுரண்டி எடுத்தால் போதும், மருந்து தேவையில்லை.

சின்னக் கொசுதானே, செடிக்கு அதனால் என்ன?

பறக்கும் கொசுவால் ஒன்றுமில்லை. அது ஒரு வாரம், பத்து நாள் இருந்து செத்துப் போகும். ஆனால் அதற்குள் ஒரு பெண் கொசு ஈரமான இடுக்குகளில் நூற்றுக்கும் மேல், சில நேரம் 200 வரை முட்டையிட்டுவிடும். நான்கைந்து நாளில் புழு வெளிவரும். கண்ணாடி மாதிரி வெளிறிய உடம்பு, தலை மட்டும் மை தொட்ட மாதிரி பளபளக்கும் கருப்பு. அடையாளம் காண அந்தக் கருப்புத் தலை போதும். மேல் இரண்டு மூன்று அங்குலத்துக்குள்தான் இருக்கும். இரண்டு வாரம் தின்று, கூட்டுப்புழுவாகி, திரும்பக் கொசுவாகும். முட்டையிலிருந்து கொசு வரை மூன்று நான்கு வாரம், வெப்பம் கூடினால் இன்னும் சீக்கிரம்.

புழுவுக்குப் பிடித்த உணவு, மக்கும் பொருளில் படரும் பூஞ்சை. அது பற்றாதபோது வேர்த்தூவியையும் இளவேரையும் கடிக்கும். வளர்ந்த செம்பருத்திக்கு இது பெரிய விஷயமில்லை. குழித்தட்டில் இருக்கும் பத்து நாள் நாற்றுக்கும், வேர் இப்போதுதான் விட்டிருக்கும் நல்லமிளகுத் தண்டுக்கும் அதுவே உயிர்ப் பிரச்சினை. கடித்த இடம் புண். அழுகல் நோய் அந்த வழியே நுழைகிறது. பித்தியம், பியூசேரியம் போன்ற நோய்க்கிருமிகளின் வித்துகளை இந்தப் பூச்சி உடம்பிலும் குடலிலும் சுமந்து ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குக் கொண்டுபோவதும் உண்டு.

செம்மண் தொட்டியில் இல்லாதது நார்த்தூள் பையில் மட்டும் ஏன் வருகிறது?

நார்த்தூள் தன் எடையைப் போல ஐந்து முதல் எட்டு மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கும். நல்ல குணம்தான், சித்திரை வெயிலில் செடி பிழைப்பது அதனால்தான். ஆனால் நமக்கு மழை இரண்டு முறை வருகிறது. ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு. தமிழ்நாட்டின் பல ஊர்களில் ஆடி மாதம் காய்ந்து கிடக்கும்போது, நமக்கு மாடியில் பாசி பிடிக்கிறது. வேலூர்க்காரரோ மதுரைக்காரரோ "தினமும் காலையில் தண்ணீர் விடுங்கள்" என்று காணொளியில் சொல்வது அவர்கள் ஊருக்குச் சரி. அதைப் பார்த்து இங்கே ஊற்றினால் பை ஒரு மாதம் சொதசொதவென்று இருக்கும்.

இன்னொரு காரணம், மக்காத நார்த்தூள். பச்சை நார்த்தூளில் கரிமமும் தழைச்சத்தும் ஏறக்குறைய 112க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கும். நன்றாக மக்கினால் 24க்கு 1 அளவுக்கு இறங்கும். மக்காததைப் பையில் நிரப்பி அதோடு பாதி மக்கிய சாணத்தையும் கலந்தால், மக்கும் வேலை செடியின் வேரடியிலேயே நடக்கும். பூஞ்சை படரும், கொசுவுக்கு விருந்து.

அப்படியானால் எவ்வளவு தண்ணீர், எப்போது?

நாள் கணக்கு வைக்காதீர்கள். பையைத் தூக்கிப் பாருங்கள். நன்றாகத் தண்ணீர் விட்டு வடிந்த பிறகு ஒரு முறை தூக்கி, அந்தக் கனத்தைக் கை நினைவில் வைத்துக்கொள்ளட்டும். அதில் பாதிக் கனம் ஆனபிறகு ஊற்றினால் போதும். குழித்தட்டுக்கும் இதே முறைதான்.

மேல் தோற்றத்தை நம்ப வேண்டாம். நார்த்தூளில் மேலே அரை அங்குலம் வெளிறிப் பொருபொருவென்று காய்ந்திருக்கும், விரலை இரண்டு கணு இறக்கினால் உள்ளே குளிரும். ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். விரலிடுக்கில் சொட்டு விழுந்தால் இன்று தண்ணீர் வேண்டாம். சொட்டாமல் உருண்டையாக நின்று, தட்டினால் உதிர்ந்தால் ஈரம் சரியாக இருக்கிறது.

ஊற்றும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிக்காமல், அடித்துளை வழியாக வடியும் வரை ஊற்றிவிட்டு, அப்புறம் காய விடுங்கள். தினமும் ஒரு கோப்பை தெளித்தால் மேல் இரண்டு அங்குலம் எப்போதும் ஈரமாகவே இருக்கும். கொசு முட்டையிடுவது சரியாக அந்த இரண்டு அங்குலத்தில்தான். மேற்பரப்பு இரண்டு மூன்று நாள் காய்ந்தாலே முட்டையும் இளம்புழுவும் பெருமளவு சாகும். காசு கொடுத்து வாங்கும் எந்த மருந்தையும் விட இதைத்தான் நான் முதலில் சொல்வேன்.

பைக்கு அடியில் தட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். இரண்டு செங்கல் வைத்துத் தூக்கி வையுங்கள். துளை பையின் பக்கவாட்டில் இரண்டு அங்குல உயரத்தில் மட்டும் இருந்தால், அடியிலும் நாலு துளை போடுங்கள். மழைக்காலத்தில் சாய்வாக ஒரு பாலித்தீன் கூரை கட்டாயம் வேண்டும். நிழல்வலை மழையைத் தடுக்காது, வெயிலை மட்டும்தான் தடுக்கும். ஐப்பசியில் அது இரட்டைக் கேடு.

செடி வாடுகிறது. தண்ணீர் குறைவா, வேரழுகலா, எப்படித் தெரிந்துகொள்வது?

பார்வதிபுரத்திலிருந்து ஒரு வயதான டீச்சர் மிளகாய்ச் செடியைப் பையோடு தூக்கிக்கொண்டு ஆட்டோவில் வந்தார். "மக்களே, வெள்ளம் காணாம வாடுதுன்னு காலையும் சாயந்தரமும் கோரி ஊத்துனேன். இன்னும் வாடுது" என்றார். பையை வாங்கியபோதே கை இறங்கியது, அவ்வளவு கனம். நனைந்த நார்த்தூளில் நின்றுகொண்டே செடி வாடினால் கோளாறு வேரில்தான். அந்தச் செடியை மெல்லக் கவிழ்த்து எடுத்தோம். அடிப்பகுதியில் சாக்கடை வாடை. ஒரு வேரை இரண்டு விரலால் பிடித்து உருவினேன். மேல்தோல் ஈரக் காகிதம் மாதிரி கழன்று வந்துவிட்டது, உள்ளே நூல் மட்டும் எலிவால் போல மிஞ்சியது. இது பித்தியம் என்ற வேரழுகலின் முத்திரை. "நான்தான் கொன்னேனா?" என்று கேட்டார். பாசத்தில்தான் ஊற்றியிருக்கிறார். அவருக்கு அன்று வேறு செடி கொடுத்து, பையைத் தூக்கிப் பார்க்கப் பழக்கி அனுப்பினேன்.

நல்ல வேர் வெள்ளையாக இருக்கும், இழுத்தால் தாக்குப்பிடிக்கும். நார்த்தூளின் சாயம் ஏறி வேர் லேசாகப் பழுப்பாகத் தெரிவது வழக்கம். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், உருவிப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள்.

தரையை ஒட்டிய தண்டில் வெள்ளை நூல் படர்ந்து, கடுகு மாதிரி உருண்டைகள் ஒட்டியிருந்தால் அது ஸ்கிளிரோசியம் கழுத்தழுகல். நாற்று தரைமட்டத்தில் சுருங்கி விழுந்தால் நாற்றழுகல்.

தக்காளி, கத்தரி, மிளகாயில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். இலை பச்சையாக இருக்கும்போதே ஒரே நாளில் செடி தொங்கிவிட்டால், தண்டின் அடிப்பகுதியில் இரண்டு அங்குலத் துண்டு வெட்டி, கண்ணாடித் தம்ளரில் தெளிந்த தண்ணீரில் முனை மட்டும் படும்படி பிடியுங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால் போல வெள்ளை இழை கீழிறங்கினால் அது பாக்டீரியா வாடல். அதற்கு மருந்து ஊற்றிக் காசைக் கரியாக்காதீர்கள். செடியையும் பையையும் அப்புறப்படுத்துங்கள். அந்த நார்த்தூளில் திரும்பவும் இந்த மூன்று செடிகளையும் வைக்க வேண்டாம்.

புழு இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

ஒரு உருளைக்கிழங்கை விரல் கனத்துக்குத் துண்டு போட்டு, வெட்டிய பக்கம் நார்த்தூளில் பதியும்படி வையுங்கள். கிழங்கு என்றால் நம்மூரில் மரச்சீனிதான் முதலில் நினைவுக்கு வரும், இங்கே வேண்டியது உருளைக்கிழங்கு. இரண்டு மூன்று நாள் கழித்துத் திருப்பிப் பார்த்தால் கருப்புத் தலைப் புழுக்கள் அடியில் ஒட்டியிருக்கும், துண்டும் குடைந்திருக்கும். எண்ணிவிட்டுத் துண்டைப் புழுவோடு எறிந்துவிடலாம்.

கொசுவுக்கு மஞ்சள் ஒட்டு அட்டை. வெள்ளை ஈக்குத் தொங்கவிடுவது போலச் செடி உயரத்தில் கட்டாமல், பையின் வாயை ஒட்டிப் படுக்கையாக வையுங்கள், இது தாழப் பறக்கும் பூச்சி. மஞ்சள் பிளாஸ்டிக் துண்டில் விளக்கெண்ணெய் தடவினாலும் நடக்கும். மழைச்சாரல் பட்டால் திரும்பத் தடவ வேண்டும். அட்டையால் மட்டும் கொசு ஒழியாது. ஆனால் வாரா வாரம் எண்ணிக் குறித்து வைத்தால், நீங்கள் செய்வது பலிக்கிறதா என்று தெரியும். நான் அட்டையின் பின்பக்கமே தேதியும் எண்ணிக்கையும் பேனாவால் எழுதிவிடுவேன்.

புழுவைக் கொல்ல எது நல்லது?

பி.டி.ஐ. என்னும் பாக்டீரியா. முழுப்பெயர் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ். சாக்கடையில் கொசுப்புழுவைக் கொல்லத் தெளிக்கும் உயிரி மருந்து இதுதான். பூஞ்சைக் கொசுவின் புழுவும் இதைத் தின்றால் சாகும். வேருக்கும் நமக்கும் மண்புழுவுக்கும் கேடில்லை.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உரக்கடையில் "பி.டி. கொடுங்கள்" என்று கேட்டால் பெரும்பாலும் தருவது குர்ஸ்டாக்கி என்ற இன்னொரு வகை. அது காய்ப்புழு, இலைப்புழுவுக்கு. நம் கொசுவை ஒன்றும் செய்யாது. டப்பாவில் 'இஸ்ரேலென்சிஸ்' என்று இருக்கிறதா என்று படித்துவிட்டு வாங்குங்கள். அளவு டப்பாவுக்கு டப்பா மாறும், அதில் போட்டிருப்பதைப் பின்பற்றுங்கள். சாயங்காலம் ஊற்றுங்கள், மேல் மூன்று அங்குலம் நனைந்தால் போதும். சில நாள்தான் வீரியம் இருக்கும், முட்டையையும் கூட்டுப்புழுவையும் தொடாது. அதனால் வாரம் ஒருமுறை என்று குறைந்தது மூன்று வாரம் ஊற்ற வேண்டும். ஒரு தடவை ஊற்றிவிட்டுப் பலனில்லை என்று விடுகிறவர்களே அதிகம்.

அடுத்தது வேம்பு. வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, லிட்டருக்கு 50 கிராம் வீதம் இரவு ஊறவைத்து வடிகட்டி ஊற்றலாம். புழு தோல் உரித்து வளர்வதை அது தடுக்கும். வேப்பம்பிண்ணாக்கு நல்லதுதான், ஆனால் தூளாக்கி உள்ளே கலக்க வேண்டும். ஈரமான பையின் மேலே தூவினால் இரண்டே நாளில் அதன்மேல் வெள்ளைப் பூஞ்சை பூக்கும், கொசு கூடத்தான் செய்யும்.

ஸ்டெய்னர்நீமா ஃபெல்டியே என்ற நுண்புழுவைப் பற்றி வெளிநாட்டுக் காணொளி பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள். குளிர்ச்சியான ஊர்களில் அருமையாக வேலை செய்யும். 30 டிகிரிக்கு மேல் அது சோர்ந்துவிடும், நம் மாடிக்கு ஒத்துவராது. மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடு பொங்கும்போது பட்ட புழுவைக் கொல்லும், அதோடு நல்ல நுண்ணுயிர்களையும் கொல்லும். நான் பயன்படுத்துவதில்லை.

பிண்ணாக்குக் கரைசல், மீன் கரைசல் ஊற்றலாமா?

மழை மாதங்களில் வேண்டாம். புளித்த கடலைப்பிண்ணாக்குத் தண்ணீர் நார்த்தூளின் மேல் ஏடாகப் படிந்து பூஞ்சை பிடிக்கும். வெயில் மாதத்தில் நன்றாக நீர்த்து, வடிகட்டி, தெளிவை மட்டும் கொடுங்கள். வாழைத்தோல், தேயிலைச் சக்கையை மேலே போடுவதும் அதே கதைதான்.

மேலே மணல் பரப்பினால் கொசு வராது என்கிறார்களே?

அரை அங்குலம் பருமணல் பரப்பினால் மேற்பரப்பு சீக்கிரம் காயும், ஓரளவு உதவும். அதை மட்டும் நம்பியிருக்க முடியாது, கொசு அடித்துளை வழியாகவும் நுழையும். கடல் மணலை மட்டும் தொடாதீர்கள். உப்பு, அதோடு மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கரை மணலில் மோனசைட் போன்ற கனிமங்கள் உண்டு. எம்-சாண்ட் என்றால் சலித்து, பொடியை நீக்கிப் பருக்கையை மட்டும் போடுங்கள். பொடி இறுகிச் சிமெண்ட் போலாகி, வேருக்குக் காற்றுப் போகாது.

நார்த்தூளைக் கழுவ வேண்டுமா?

கட்டாயம். நம் கடலோரத்தில் காயலில் ஊறப்போட்ட கதம்பையிலிருந்து, அதாவது தேங்காய் மட்டையிலிருந்து, நார் எடுக்கும் பழக்கம் உண்டு. அந்தத் தூளில் உப்பு நிறைய இருக்கும். உப்பு வேர்நுனியைக் கருக்கும், கருகிய நுனியில் அழுகல் பிடிக்கும். டீ நிறத் தண்ணீர் தெளிந்துவிட்டால் உப்பு போய்விட்டது என்று நினைக்கிறார்கள். நிறம் வேறு, உப்பு வேறு. மூன்று நான்கு முறை நன்னீரில் ஊறவைத்துப் பிழியுங்கள். மொத்தமாகச் செய்கிறவர்கள் தண்ணீரின் உப்பை அளக்கும் இ.சி. மீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். கடைசியாகப் பிழிந்த தண்ணீர் 0.5 மில்லிசீமன்ஸுக்கு (mS/cm) கீழே காட்டினால் விதை போடலாம்.

வேரழுகலுக்குக் கார்பன்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லி ஊற்றினேன், ஏன் கேட்கவில்லை?

ரப்பர் வைத்திருப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். மழைக்கு முன் இலையுதிர்வு நோய்க்கு, மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை அடிக்கிறோம் அல்லவா, அந்த நோயின் கிருமி பைட்டோப்தோரா. பித்தியம் அதன் சொந்தக்காரன். இரண்டும் உண்மையான பூஞ்சைகள் அல்ல, நீர்ப்பூஞ்சைகள். அவற்றின் வித்துக்கு வால் உண்டு, தண்ணீரில் நீந்திப் போகும். தேங்கிய தண்ணீர் அதற்குத் தேரோடும் வீதி. கார்பன்டசிம் இவற்றின் மேல் வேலை செய்யாது.

தொடக்கத்தில் காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் வேரடியில் ஊற்றலாம். முற்றிப் போனால் மெட்டலாக்சிலும் மேன்கோசெப்பும் சேர்ந்த மருந்து, லிட்டருக்கு 2 கிராம். கீரையிலும், பறிக்கும் பருவத்தில் இருக்கும் காய்கறியிலும் மெட்டலாக்சில் வேண்டாம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அழுகிய வேர் திரும்ப வராது. மருந்து மிச்ச வேரைக் காக்கும், அவ்வளவுதான். பாதிக்கு மேல் வேர் போன செடியை, நுனித்தண்டு நன்றாக இருந்தால் அதை நடுவதற்கு வெட்டி எடுத்துக்கொண்டு, விட்டுவிடுங்கள்.

டிரைக்கோடெர்மா என்ற நல்ல பூஞ்சை, சூடோமோனாஸ் என்ற நல்ல பாக்டீரியா போட்டால் போதுமா?

நோய் வருமுன் போட்டால் நல்ல காவல். வந்தபின் போட்டால் அதனால் ஈடுகொடுக்க முடியாது. பொடியை அப்படியே தூவாமல் பெருக்கிப் போடுங்கள். நன்றாகக் காய்ந்த சாணம் 9 கிலோ, வேப்பம்பிண்ணாக்கு 1 கிலோ, டிரைக்கோடெர்மா 100 முதல் 200 கிராம். தண்ணீர் தெளித்துப் புட்டுக்கு விரவும் பதத்தில் கலந்து, நிழலில் ஈரச்சாக்கு போட்டு மூடி, ஒரு வாரம் பத்து நாள் கழித்துக் கிளறினால் பச்சை பூத்திருக்கும். அதை நார்த்தூளோடு கலந்து பை நிரப்பலாம். செம்பு மருந்து ஊற்றியிருந்தால் இரண்டு வாரம் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் காசும் உழைப்பும் வீண்.

நல்லமிளகு நாற்றுக்குத் தனியாக ஏதாவது உண்டா?

2021 நவம்பரில் மாவட்டமே வெள்ளத்தில் மிதந்தபோது, என் பந்தலின் ஒரு மூலையில் கூரை கிழிந்து சாரல் இறங்கியது. அந்த மூலையில் நானூறு பைகள். மழை விட்டதும் பார்க்கலாம் என்று மூன்று நாள் விட்டேன். நான்காம் நாள் இலையில் கருப்பு வட்டம், ஓரம் நார் பிரிந்தது போலக் கசிவு. ஒரு வாரத்தில் கணுக்கணுவாகக் கழன்று விழுந்தது. அதுவும் பைட்டோப்தோராதான். அதிலிருந்து பைகளை நெருக்கி அடுக்குவதில்லை. மே கடைசியில் 1 சதவீத போர்டோ கலவை, அதாவது 10 லிட்டருக்கு மயில்துத்தம் 100 கிராமும் சுண்ணாம்பு 100 கிராமும், தெளித்துவிடுகிறேன். ஒரு பை சந்தேகமாக இருந்தாலும் அன்றே வெளியே எடுத்துவிடுகிறேன்.

நோய் வந்த நார்த்தூளைத் திரும்பப் பயன்படுத்தலாமா?

கொஞ்சம் என்றால் கொதிக்கிற தண்ணீர் ஊற்றி மூடி வைத்து ஆறவிடுங்கள். மூட்டைக் கணக்கில் என்றால் பங்குனி, சித்திரை வெயிலில் ஈரமாக்கி, கண்ணாடி போன்ற தெளிந்த பாலித்தீனால் இறுக்கி மூடி, நான்கு முதல் ஆறு வாரம். பாக்டீரியா வாடல் கண்டதைத் திரும்ப எடுக்க வேண்டாம். எதையும் நல்லமிளகுக் கொடி மூட்டில் கொட்ட வேண்டாம்.

யாரிடம் காட்டலாம்?

திருப்பதிசாரத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, பேச்சிப்பாறையில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. போகும்போது வாடிய இலையை மட்டும் கிள்ளிக்கொண்டு போகாதீர்கள். பாதி வாடிய செடி ஒன்றை வேரோடும் சுற்றியுள்ள நார்த்தூளோடும் எடுங்கள், முழுக்கச் செத்ததில் வேறு பூஞ்சைகள் ஏறிவிடும். செய்தித்தாளில் சுற்றிப் பைக்குள் வைத்து, அன்றே கொண்டுபோங்கள். ஒட்டு அட்டையையும் உடன் எடுத்துக்கொள்ளுங்கள்.